மலேரியாவில் பொருளாதாரம் படித்தவருக்கு என்ன வேலை?

கேள்வி இது: “மலேரியாவுக்கு மாத்திரை இருக்கிறது, கொசுவலை இருக்கிறது, இப்போது தடுப்பூசியும் வந்துவிட்டது. எது வேலை செய்யும் என்பதை மருத்துவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் சுகாதாரப் பொருளாதார நிபுணர் என்று ஒருவர் எதற்கு? உயிருக்கு விலை போடவா? நோய் ஏறக்குறைய ஒழிந்துபோன நாட்டில்கூடச் செலவைக் குறைக்காதே என்கிறார்களே, அதில் என்ன பொருளாதாரம்?” கொஞ்சம் கிண்டல் இருந்தாலும் நியாயமான கேள்விதான். எல்லாமே ஓரளவு வேலை செய்யும்போது, இருக்கிற பணத்தை எதில் போடுவது, அதை எந்தக் கணக்கை நம்பி முடிவு செய்வது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பணத்தின் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகம் முழுவதும் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் முக்கால் பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த ஆண்டு தேவை என்று கணக்கிடப்பட்டது 830 கோடி டாலர்; திரண்டது சுமார் 400 கோடி. பாதிப் பணத்தில் முழு வேலை நடக்காது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்ற இடத்தில்தான் பொருளாதாரக்காரர் உள்ளே வருகிறார்.

அவர் செய்வது பார்வைக்கு ஒரு வகுத்தல் கணக்கு: மேலே செலவு, கீழே பயன். வகுப்பது எவருக்கும் வரும். மேலே எதைச் சேர்ப்பது, கீழே எதை எண்ணுவது, எல்லாவற்றுக்கும் மேலாக எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. எதோடு ஒப்பிடுவது என்றால், அந்தத் திட்டத்தைச் செய்யாவிட்டால் வேறு என்ன நடந்திருக்கும் என்ற கேள்விதான். மலேரியா பொருளாதாரத்தில் நடக்கும் பெரிய தவறுகளைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொன்னதில் போய் முடியும்.

செலவுப் பக்கம் சலிப்பான வேலை. கொசுவலை விநியோகம் என்றால் வலையின் விலை மட்டும் செலவு ஆகாது. கப்பல், கிடங்கு, லாரி, டீசல், வீடு வீடாகக் கணக்கெடுப்பவரின் தினப்படி, பயிற்சிக் கூட்டம், அச்சிட்ட கூப்பன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, அளவு இத்தனை, விலை இத்தனை என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். இதிலே இரண்டு கணக்கு உண்டு. கையிலிருந்து போன பணம் ஒன்று. போகாவிட்டாலும் செலவானது இன்னொன்று. சம்பளம் இல்லாத கிராமத் தொண்டர் பத்து நாள் உழைத்தால் முதல் கணக்கில் பூஜ்யம். இரண்டாவதில் அந்தப் பத்து நாளில் அவர் செய்திருக்கக்கூடிய வேலையின் மதிப்பு ஏறும். வாகனத்தை வாங்கிய ஆண்டின் தலையில் முழுதாகச் சுமத்தவும் கூடாது. 30,000 டாலர் வண்டி பத்து ஆண்டு ஓடும் என்றால், 3 சதவீத வட்டிக்கழிவில் அதை 8.53-ஆல் (ஆண்டுக்கு ஒரு டாலராகப் பத்து ஆண்டு வருவதன் இன்றைய மதிப்பு) வகுக்க வேண்டும்; ஆண்டுக்குச் சுமார் 3,517 டாலர் வரும். வெறுமனே பத்தால் வகுத்து 3,000 என்று எழுதினால், வண்டியில் முடங்கிய பணம் வேறு எதற்கும் பயன்படாமல் போனதை மறந்தவர்கள் ஆவோம்.

பயன் பக்கம்தான் ஆபத்தானது. ஒரு கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு பகுதி. 1.8 பேருக்கு ஒரு வலை என்பது பெருந்திரள் விநியோகத்தில் வழக்கமான கணக்கு. ஆக 55,556 வலைகள். எல்லாச் செலவும் சேர்த்து வலைக்கு 5 டாலர் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்: 2,77,780 டாலர். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் 16,000 பேர் என்போம். பூச்சிமருந்து ஊட்டிய வலைகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகள், 1,000 குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 5.5 உயிர் தப்புகிறது என்று காட்டின. 16 முறை 5.5, அதாவது ஆண்டுக்கு 88 உயிர். வலையின் ஆயுள் மூன்று ஆண்டு என்று உறையில் போட்டிருக்கிறது. ஆக 264 உயிர். வகுத்தால் ஓர் உயிருக்கு 1,052 டாலர். அறிக்கையின் முதல் பக்கத்தில் போட அழகான எண்.

இப்போது அதை உரித்துப் பார்க்கலாம். வலை மூன்று ஆண்டு உழைக்கும் என்பது பல இடங்களில் நடப்பதில்லை. கிழிகிறது, எலி கடிக்கிறது, தூக்கி எறியப்படுகிறது. இரண்டு ஆண்டு என்று வைத்தால் 176 உயிர், 1,578 டாலர். அடுத்து, 5.5 என்ற எண் பெரும்பாலும் 1990-களின் சோதனைகளில் பிறந்தது. அதற்குப் பிறகு ஆப்பிரிக்காவில் குழந்தை மரண விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இறப்பதற்கான வாய்ப்பே குறைந்திருக்கும்போது காப்பாற்றவும் குறைவாகத்தான் இருக்கும். பாதியாக்கினால் 88 உயிர், 3,157 டாலர். வலையில் ஊட்டும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துக்குக் கொசு பழகிவிட்டதால் இன்னும் கால் பங்கு பலன் போனது என்று கொண்டால் 66 உயிர், 4,209 டாலர். கடைசியாக, இந்த விநியோகம் நடக்காவிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குப் பழைய வலையோ கர்ப்பகால மருத்துவமனையில் கொடுத்த வலையோ இருந்திருக்கும் என்றால் 44 உயிர், 6,313 டாலர். அதே வலை, அதே பணம். எண் ஆறு மடங்கு நகர்ந்துவிட்டது. நான் வைத்த கழிவுகள் ஓர் உதாரணத்துக்காகத்தான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாகத் தேட வேண்டியவை. ஆனால் நகரும் திசையும் அளவும் கற்பனையில்லை.

இன்னொரு பொறியும் இதே இடத்தில் இருக்கிறது. சிலர் இந்த 5.5-ஐ “60 சதவீதம் பேர்தான் வலைக்குள் தூங்குகிறார்கள்” என்று மறுபடி 0.6-ஆல் பெருக்குவார்கள். அந்தச் சோதனைகள் வலை கொடுத்த ஊரின் குழந்தைகள் அனைவரையும் எண்ணியவை. தூங்காதவர்களும் அதிலேயே அடக்கம். பெருக்கினால் ஒரே குறைக்கு இரண்டு முறை கழித்ததாகும். எதிர்ப்பக்கமும் தவறலாம். மேற்குக் கென்யாவின் அசெம்போவில் நடந்த சோதனையில், வலை இல்லாத வீடுகளும் வலையுள்ள வீடுகளிலிருந்து சுமார் 300 மீட்டருக்குள் இருந்தால் பாதுகாப்புப் பெற்றன, கொசுக்களே குறைந்துபோனதால். அந்த அண்டை வீட்டுப் பலனை விட்டுவிட்டால் வலை அநியாயமாக மட்டம் தட்டப்படும். வலையைத் தனிப்பட்டவர் காசு போட்டு வாங்கட்டும் என்று விட்டுவிடாமல் பொதுப்பணம் செலவழிக்க வலுவான காரணங்களில் இதுவும் ஒன்று.

உயிருக்கு விலை போடுவதா என்றீர்கள். மரணத்தையும் நோயில் கழிந்த நாட்களையும் ஒரே அலகில் சேர்க்க ‘டாலி’ என்ற அளவு இருக்கிறது: சீக்கிரம் இறந்ததால் இழந்த ஆண்டுகளும், நோயோடு வாழ்ந்த காலத்தை அதன் கடுமைக்கு ஏற்பக் குறைத்துப் போட்ட ஆண்டுகளும் சேர்ந்தது. ஒரு டாலியைத் தவிர்க்க எவ்வளவு செலவு என்று சொன்ன பிறகு, அது மலிவா விலை அதிகமா என்று சொல்ல ஓர் எல்லைக்கோடு வேண்டும். பல ஆண்டுகளாக எல்லோரும் பிடித்துக்கொண்டது, தலைக்கு வருமானத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை என்ற விதி. அது கைக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த விதியோடு பெயர் இணைந்திருந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களே, அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று 2016-இல் எழுதிவிட்டார்கள். ஏழை நாட்டின் சுகாதாரப் பட்ஜெட்டில் அந்தக் கோட்டுக்குள் வருவதையெல்லாம் வாங்க முடியாது. சரியான கேள்வி, இந்தப் பணத்தை இங்கே போட்டால் வேறு எந்தச் சிகிச்சை நிற்கும், அதில் எவ்வளவு ஆரோக்கியம் போகும் என்பது. மலாவிக்கு அப்படிக் கணக்கிட்டபோது டாலிக்குச் சுமார் 61 டாலர் என்று வந்தது. தலா வருமான விதி காட்டுவதைவிட அது மிகவும் தாழ்ந்த கோடு. ஆக, யாரும் உயிருக்கு விலை எழுதுவதில்லை. இந்தக் குழந்தைக்குப் போகும் பணம் இன்னொரு குழந்தையிடமிருந்து வருகிறது என்பதைக் கணக்கில் காட்டுகிறார்கள். யாருக்கு முன்னுரிமை என்பதை அந்த எண் தீர்மானிக்காது. சாலை இல்லாத ஊருக்கு வலை கொண்டுபோக மூன்று மடங்கு ஆகும் என்று கணக்கு சொல்லும். அதனால் போகவே வேண்டாம் என்று அது சொல்வதாகப் படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள்.

சிகிச்சைப் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே மனிதர்களின் நடத்தை கலக்கிறது. சாதாரண மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கூட்டு மருந்து. பரவலாகக் கொடுக்கப்படும் ஆர்ட்டெமீத்தர்–லூமிஃபான்ட்ரினில் பெரியவருக்கு வேளைக்கு 4 மாத்திரை, ஆறு வேளை, மூன்று நாளில் 24. காய்ச்சல் என்று வருகிற எல்லோருக்கும் இதைக் கொடுத்துவிடலாமா, விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனைப் பட்டையில் பார்த்துவிட்டுக் கொடுப்பதா? மருந்து 1.5 டாலர், சோதனை 0.5 டாலர் என்று வைத்து 100 காய்ச்சல்காரர்களை எடுப்போம். சோதிக்காமல் கொடுத்தால் 150 டாலர். அவர்களில் உண்மையில் 20 பேருக்குத்தான் மலேரியா. சோதனை நூற்றுக்கு 95 நோயாளிகளைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேரைத் தவறாகக் காட்டும் என்றால், 19-உம் 4-உம் சேர்ந்து 23 பேருக்கு மருந்து. சோதனைக்கு 50, மருந்துக்கு 34.5, மொத்தம் 84.5 டாலர். லாபம் தெளிவு. நூற்றில் 80 பேருக்கு மலேரியா உள்ள இடத்தில் இதே கணக்கு 165.5 டாலராகிவிடும், சோதனை நஷ்டம். இந்த விலைகளில் லாபம் நஷ்டமாக மாறும் கோடு சுமார் 68.5 சதவீதத்தில் விழுகிறது.

ஆனால் 20 சதவீத ஊரில் சோதனை ‘இல்லை’ என்று காட்டிய 77 பேரில் பாதிப் பேருக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தாளர் மாத்திரையைக் கொடுத்துவிட்டால்? இன்னும் 57.75 டாலர் ஏறி மொத்தம் 142-ஐத் தாண்டும். சோதனையால் மிச்சமானது எட்டு டாலர்கூட இல்லை. பட்டையின் தரத்தைவிட அதன் பதிலை நம்புகிறார்களா என்பதுதான் கணக்கைத் தூக்கி நிறுத்துகிறது. பட்டைக்கும் குறை உண்டு: பரவலாக உள்ள வகை தேடுகிற புரதம், நோய் குணமான பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், பழைய நோயைப் புதிது என்று காட்டும். சில ஒட்டுண்ணிகளில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லை. எரித்திரியாவில் அது பெரிதாகத் தலைதூக்கி, சோதனைப் பட்டையையே மாற்ற வேண்டி வந்தது. மேலே நான் 95, 5 என்று போட்ட எண்கள் இடத்துக்கு இடம் மாறுவதற்கு இவை காரணம்.

விலை வைத்தால் மதிப்பு வரும், சும்மா கொடுத்தால் வீணாக்குவார்கள் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. இன்றும் பலர் வாயில் வரும். கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் விலையை மாற்றிப் பார்த்த சோதனை இதை உடைத்தது. இலவசத்திலிருந்து 40 கென்ய ஷில்லிங்குக்கு விலை ஏறியபோது, வலை வாங்கியவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. அப்போது அது சுமார் 0.60 டாலர்தான். இலவசமாக வாங்கியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தவும் இல்லை. இதை நான் உறுதியான முடிவுகளின் பட்டியலில் வைப்பேன்.

அதற்காக மானியம் எங்கும் நல்லது என்று தாவிவிடக் கூடாது. நோயே இல்லாதவர் வலையை வாங்கினால் நஷ்டமில்லை. நோயில்லாதவர் மருந்தை வாங்கினால் நஷ்டம். மருந்தின் விலையை மேலிருந்து குறைத்துத் தனியார் கடைகள் வரை கொண்டுபோகும் யோசனையை 2004-இல் பொருளாதார அறிஞர் கென்னத் ஏரோ தலைமையிலான குழு முன்வைத்தது. பின்னர் அது எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் கீழ் நைஜீரியா, கானா, கென்யா உள்ளிட்ட நாடுகளில் செயலுக்கு வந்தது. விலை இறங்கியது, மருந்து கடைகளுக்கு வந்தது. ஆனால் கென்யாவில் மருந்துக் கடை அளவில் நடந்த ஒரு சோதனை, மிக உயர்ந்த மானியத்தில் விற்ற மருந்தில் ஏறக்குறைய பாதி, மலேரியா இல்லாதவர்களுக்குப் போனதைக் காட்டியது. மானியத்தைச் சற்றுக் குறைத்து, சோதனைக்கும் கொஞ்சம் மானியம் கொடுப்பது நல்ல வழி என்பது அதன் பாடம். எவ்வளவு குறைப்பது என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் எண் கிடையாது.

கடும் மலேரியாவில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. பழைய மருந்தான குயினைனுக்குப் பதில் ஊசி வழி ஆர்ட்டெசுனேட் கொடுத்தபோது ஆப்பிரிக்கக் குழந்தைகளில் மரணம் 22.5 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் வெளியான பெரிய சோதனை காட்டியது. கூடுதல் செலவு, தவிர்த்த ஒரு மரணத்துக்குச் சுமார் 123 டாலர். அந்த மருத்துவமனைகளில் மற்றக் கவனிப்பு எல்லாம் ஏற்கெனவே இருந்தது, மாறியது ஊசி மட்டும்; ஒப்பீடு சுத்தமாக அமைந்ததால் எண்ணும் உறுதியாக நிற்கிறது.

நோயால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்ற பேச்சில்தான் அதிகக் கவனம் வேண்டும். மலேரியா கடுமையாக உள்ள நாடுகள் தலா வருமானத்தில் ஆண்டுக்கு 1.3 சதவீதம் குறைவாக வளர்ந்தன என்று 2001-இல் வந்த எண் மேடைதோறும் ஒலிக்கிறது. நாடுகளை நாடுகளோடு ஒப்பிட்ட கணக்கு அது. மலேரியாவால் வறுமையா, வறுமையால் மலேரியாவா, இரண்டுக்கும் பின்னால் தட்பவெப்பமும் ஆட்சிமுறையும் இருக்கின்றனவா என்பதை அந்த முறை பிரிக்க முடியாது. இதைவிட நான் நம்புவது, ஒழிப்பு இயக்கம் திடீரென்று வந்த இடங்களில் அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளை. அமெரிக்கக் கண்டத்தில் சிறுவயதில் மலேரியா தீண்டாதவர்கள் வளர்ந்து கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இலங்கையிலும் பராகுவேயிலும் பெண்களின் படிப்பு கூடியது. இந்தியாவில் ஆண்களின் படிப்பு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. குடும்பச் செலவில் மட்டும் சிறிய முன்னேற்றம். பலன் உண்டு, ஆனால் எங்கும் ஒரே அளவு இல்லை.

வீட்டுக் கணக்கெடுப்பிலும் இதே எச்சரிக்கை. ஐந்து நாள் படுத்தவருக்கு ஐந்து நாள் கூலி நஷ்டம் என்று எழுதுவது எளிது. வீட்டில் வேறொருவர் அந்த வேலையைச் செய்திருப்பார், பெரும்பாலும் ஒரு பெண். அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்க வேண்டும். “கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவு செலவானது” என்றால் பேருந்துக் கட்டணமும் சில்லறை மாத்திரையும் மறந்துபோகும். “கடந்த இரண்டு வாரத்தில்” என்றால் அவை நினைவில் இருக்கும், ஆனால் குடும்பத்தையே கடனில் தள்ளிய கடும் நோய் மாதிரியில் சிக்காமல் போகலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுதான் நடைமுறைத் தீர்வு.

தடுப்பூசிக்கு வருகிறேன். முதல் தடுப்பூசி ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த பெரிய சோதனையில், நான்கு தவணை போட்ட 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் நோயை 36 சதவீதம் குறைத்தது. 2021-இல் பரிந்துரைக்கப்பட்டது. 2023-இல் பரிந்துரைக்கப்பட்ட இரண்டாவது, தவணைக்கு 2 முதல் 4 டாலர் என்ற விலையோடு வந்தது. 36 என்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த முதல் தடுப்பூசியை, மழைக்காலத்தில் மாதந்தோறும் தடுப்பு மாத்திரை கொடுக்கும் திட்டத்தோடு வைத்துப் பார்த்த சோதனை புர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் நடந்தது. தடுப்பூசி மட்டும் என்பது மாத்திரைக்கு ஏறக்குறைய இணை. இரண்டும் சேர்ந்தபோது, மாத்திரை மட்டும் பெற்றவர்களைவிட நோய் சுமார் 63 சதவீதம் குறைந்தது. ஆக, தடுப்பூசி மலிவா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எதுவும் இல்லாத ஊரில் ஒரு பதில், வலை மட்டும் உள்ள ஊரில் ஒன்று, மாத்திரைத் திட்டம் நன்றாக நடக்கும் ஊரில் வேறொன்று.

கடைசியாக, ஒழிந்த பிறகும் செலவு எதற்கு என்ற கேள்வி. இலங்கையில் 1963-இல் பதிவானவர்கள் வெறும் 17 பேர். கொசுமருந்துத் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது. 1968–69-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. நோயற்ற நாடு என்ற சான்றிதழ் 2016-இல்தான் கிடைத்தது. 1930-களுக்குப் பிறகு 61 நாடுகளில் நோய் திரும்பி வந்த 75 நிகழ்வுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 68-க்குத் திட்டம் தளர்ந்தது ஒரு காரணம் என்று கண்டார்கள். 17 நோயாளிகள் உள்ள ஆண்டில் நோயாளிக்கு எவ்வளவு செலவு என்று வகுத்தால், எந்த நிதியமைச்சகமும் அதிரும் எண் வரும். அங்கே கீழே போட வேண்டியது அந்த 17 இல்லை. செலவை நிறுத்தினால் வரக்கூடிய ஐந்து லட்சமும், அது வருவதற்கான நிகழ்தகவும். அந்த நிகழ்தகவை நூறில் இத்தனை என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. கொசு இன்னும் இருக்கிறதா, வெளியிலிருந்து நோயோடு எத்தனை பேர் வருகிறார்கள், காய்ச்சலோடு வருகிறவருக்கு முதல் நாளே ரத்தம் சோதிக்கிறார்களா என்ற மூன்றையும் வைத்து ஒரு வரம்பைத்தான் சொல்லலாம்.